பொட்டாசியம் குறைந்தால் நல்லதுதானே என்பவர்களை நம்பாதீர்கள்

வயிற்று வழி டயாலிசிஸ் செய்துகொள்ளும் அப்பாவுக்கு ரத்தத்தில் பொட்டாசியம் 3.0 என்று குறைந்து வந்திருக்கிறது, 'கூடினால்தான் ஆபத்து' என்று உறவினர்கள் சொல்கிறார்கள், கவலைப்பட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டும். அடுத்த பரிசோதனைவரை காத்திருக்காமல் இன்றைக்கே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பெரம்பூரில் என் மாமியாருக்கும் இதே டயாலிசிஸ்தான். குழாய் வழியே வயிற்றுக்குள் திரவத்தை விட்டு, கழிவோடு வடித்தெடுக்கும் பையை நான்தான் மாற்றுகிறேன். வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, காயை வேகவைத்துத் தண்ணீரை வடித்துவிடு என்பார்கள். ரத்த டயாலிசிஸ் செய்பவர்களுக்குப் பெரும்பாலும் அது சரி. ஆனால் வயிற்றுக்குள் விடும் திரவத்தில் பொட்டாசியமே கிடையாது. வடியும்போதெல்லாம் உடம்பில் இருப்பதையும் கொண்டுபோகிறது. அத்தைக்கோ சாப்பாடும் இறங்கவில்லை.

ஒரு நாள் காலை வடிந்த பையைச் செய்தித்தாள்மேல் வைத்துப் பார்த்தேன். எழுத்தே தெரியவில்லை, அரிசி களைந்த நீராகக் கலங்கியிருந்தது. பையோடு மருத்துவமனைக்கு ஓடினோம். பெரிடோனைடிஸ், அதாவது வயிற்றறைக்குள் கிருமித் தொற்று. நாத்தனார் முதலில் கேட்டது, "கையைச் சரியாகக் கழுவினாயா?" மாஸ்க் போடாமல், கை கழுவாமல் நான் ஒருநாளும் குழாயைத் தொட்டதில்லை. வடிந்த நீரில் எந்தக் கிருமி என்று பார்க்கும் கல்ச்சர் பரிசோதனையில் வந்தது குடலில் வாழும் கிருமி, பொட்டாசியம் 2.9. பொட்டாசியம் குறைந்தால் குடலின் அசைவு மந்தமாகும், கிருமி குடல் சுவரைத் தாண்டி வயிற்றறைக்குள் வர அது வழிவிடலாம் என்று மருத்துவர் நாத்தனார் எதிரிலேயே விளக்கினார். அத்தைக்கு மலச்சிக்கல் இருந்ததும் அப்போதுதான் பொருந்தி வந்தது.

நான் மருத்துவர் அல்ல. குறைபாடு மட்டுமே தொற்றைக் கொண்டுவருகிறது என்றும் சொல்லவில்லை. ஆனால் 2022இல் வெளியான தாய்லாந்து ஆய்வு ஒன்றில், பொட்டாசியத்தை 4க்கும் 5க்கும் இடையில் வைத்துக் கவனிக்கப்பட்டவர்களுக்குத் தொற்று குறைந்திருக்கிறது. அதற்காக நீங்களாகவே இளநீரைக் கொடுத்துவிடாதீர்கள். சில ரத்த அழுத்த மாத்திரைகள் பொட்டாசியத்தை ஏற்றும். ஏறினால் இதயத்துக்கு ஆபத்து. அத்தைக்கு மருத்துவர் பொட்டாசியம் சிரப் எழுதினார், தினம் ஒரு வாழைப்பழமும் சொன்னார். அந்தப் பழத்துக்காக நான் கேட்ட பேச்சு கொஞ்சநஞ்சமல்ல.

   

அப்பாவுக்கு மலச்சிக்கல் இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். பை கலங்கினாலோ வயிறு வலித்தாலோ இரவானாலும் பையோடு கிளம்புங்கள்.