சொந்த ரத்தம்தான் பாதுகாப்பா?

கேள்வி: அம்மாவுக்கு அடுத்த வாரம் ஆபரேஷன். நானே ரத்தம் கொடுக்கிறேன் என்றால் டாக்டர் தயங்குகிறார். ஏன்?

பதில்: தயங்குவது சரிதான். பெற்ற பிள்ளையின் ரத்தத்திலுள்ள வெள்ளணுக்கள் அரிதாக அம்மாவின் உடம்பையே தாக்கும், தாக்கினால் பிழைப்பது கடினம், அதனால் அந்த ரத்தப் பைக்குக் கதிர்வீச்சு கொடுத்த பிறகே ஏற்றுவார்கள். 2018ல் சாத்தூரில் ஒரு கர்ப்பிணிக்கு ஹெச்ஐவி ரத்தம் ஏற்றியதை நினைத்தால் இன்றும் மனசு பதறுகிறது, வெளியார் ரத்தம் என்றால் உங்களுக்கு வரும் பயம் புரிகிறது. ஆனால் ஹெச்ஐவி, ஹெபடைடிஸ் பி, சி, சிபிலிஸ், மலேரியா சோதனைகள் சொந்தக்காரர் ரத்தத்துக்கும் அதேதான். அப்புறம், கட்டிலருகே நடக்கும் தவறைப் பலர் கவனிப்பதில்லை: பையிலுள்ள பெயர், குரூப், எண் எல்லாம் கேஸ் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று நர்ஸ் பார்க்கும்போது கூடவே நின்று பாருங்கள். முதல் 15 நிமிடம் நகராதீர்கள். குளிர் நடுக்கம், முதுகுவலி என்று அம்மா சொன்னால் உடனே நர்ஸைக் கூப்பிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.