பதில்: ஆலிவ் எண்ணெய்க்கு மாறியும் கல்லீரல் கொழுப்பு குறையவில்லை

ஆலிவில் உள்ள ஹைட்ராக்ஸிடைரோசால் என்ற பொருள் கல்லீரல் கொழுப்பைக் குறைக்கும் என்கிறார்களே, மூன்று மாதம் ஆலிவ் எண்ணெயில் பொரித்தும் ஸ்கேனில் அதே கிரேடு 2 (நடுத்தர அளவு கொழுப்பு) ஏன் என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். ‘பொமேஸ்’ (பிழிந்த சக்கையிலிருந்து எடுத்தது), ‘லைட்’ என்றிருந்தால் அது சுத்திகரித்த எண்ணெய்; நீங்கள் கேட்ட ஹைட்ராக்ஸிடைரோசால் அதில் பேருக்குத்தான் இருக்கும். சுத்திகரிப்பிலேயே பெரும்பகுதி போய்விடும். சுத்திகரிக்காத ‘எக்ஸ்ட்ரா வர்ஜின்’ என்றாலும், பொரித்தால் சூட்டில் கணிசமாகக் குறையும்.

எலிகளில் ஹைட்ராக்ஸிடைரோசால் ஏஎம்பிகே என்ற புரதத்தைத் தூண்டி, கொழுப்பு உற்பத்தியை முடுக்கிவிடும் எஸ்ஆர்இபிபி-1சி என்ற இன்னொரு புரதத்தை அடக்குகிறது. ஆனால் எலிக்குத் தனியாகப் பிரித்தெடுத்த பொருளையே கொடுத்தார்கள், நமக்குக் கிடைப்பது கரண்டி எண்ணெய்.

சோதிக்க: ஒரு டீஸ்பூன் பச்சையாக விழுங்குங்கள். தொண்டையில் காரமாக உறைத்தால் பாலிஃபீனால்கள் (ஹைட்ராக்ஸிடைரோசால் சேர்ந்த பொருள் வகை) இருக்கின்றன. வழவழவென்று இறங்கினால் பெரும்பாலும் பழசு அல்லது சுத்திகரித்தது.

நல்ல எண்ணெயென்றால் தினம் ஒரு மேசைக்கரண்டி, அடுப்பை அணைத்தபின் அவியலிலோ கூட்டிலோ ஊற்றுங்கள். அது 120 கலோரி; தேங்காய் எண்ணெயில் அவ்வளவைக் குறைக்காவிட்டால் பிரயோஜனமில்லை. மார்த்தாண்டம் பக்கம் என்கிறீர்கள், மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) பழம்பொரியும் அப்படியே தொடர்ந்தால் எந்த எண்ணெயும் கைகொடுக்காது. கல்லீரல் கொழுப்புக்கு நிரூபணமான வழி, உடல் எடையில் 7 முதல் 10 சதவீதம் குறைப்பது.

சாதாரண ஸ்கேனின் கிரேடு கண்மதிப்புதான். அடுத்த முறை, கல்லீரலின் விறைப்பையும் கொழுப்பையும் எண்ணில் அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்கலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். நீங்கள் சாப்பிடும் சர்க்கரை நோய் மாத்திரையை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.