ஊட்டில வாங்குன சால்வை நெசமாவே கம்பளிதானா? (கேள்வி-பதில்)

கேள்வி: அக்கா, ஊட்டிக்கு ஃபேமிலியோட போனப்ப ரோட்டோரக் கடைல 'பியூர் வுல்'னு சொல்லி 450 ரூபாய்க்கு ஒரு சால்வை வாங்குனோம், லேபிள்லயும் அப்படித்தான் போட்டிருக்கு. மதுரை வந்து ஒரு தடவை துவைச்சதுமே உருண்டை உருண்டையா பிசிறு. ஏமாந்துட்டோமா?

பதில்: பிசிறை மட்டும் வச்சு சொல்ல முடியாது தம்பி, நல்ல கம்பளிலயும் பிசிறு வரும். ஆனா விலையைக் கேட்டா டவுட்டுதான். லேபிளை யாரு வேணா அடிச்சு தைக்கலாம், அதனால துணியவே கேளுங்க. ஓரத்துல தொங்குற குஞ்சத்துலேர்ந்து ரெண்டு நூலை உருவி, இடுக்கியால பிடிச்சு, சிங்க்குக்கு மேல வச்சு தீக்குச்சி காட்டுங்க. கம்பளின்னா முடி கருகுற நாத்தம் வரும், நெருப்பை எடுத்ததும் தானா அணைஞ்சிரும், மிச்சத்தை விரல்ல தேய்ச்சா பொடியாகும். அக்ரிலிக்னா, அதாவது கம்பளி மாதிரியே செய்யற செயற்கை நூல்னா, உருகி சொட்டும், ஆறுனப்புறம் நுனில கருப்பா கெட்டியா ஒரு மணி நிக்கும், நகத்தை வச்சு அழுத்துனாலும் நசுங்காது. ரெண்டும் கலந்த நூலா இருந்தா இந்த டெஸ்ட் குழப்பிவிடும். அப்ப கடைல விக்கிற குளோரின் பிளீச்சுல ஒரு துண்டு நூலை ஊற போடுங்க (வேற எந்த லிக்விடையும் அதோட கலக்காதீங்க, ஜன்னலைத் திறந்து வைங்க). கம்பளி கரைஞ்சு போகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும்.

நூல்கண்டு சுத்துன மாதிரி கருப்புக் கோடு கோடா இருக்கே, அந்த வுல்மார்க் முத்திரை 1964லேர்ந்து இருக்கு, லைசென்ஸ் வாங்குனவங்கதான் போடணும். பட்டுக்கு சில்க் மார்க் 2004ல வந்துச்சு, கைத்தறி முத்திரை 2006ல. சும்மா 'பியூர் வுல்'னு இங்கிலீஷ்ல அடிச்ச லேபிள் இதுல சேராது.

பில் வச்சிருக்கீங்களா? அதுல '100% கம்பளி'ன்னு எழுதியிருந்தா கேஸ் ஸ்ட்ராங். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணுங்க. சரிவரலன்னா, 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்க குடியிருக்கற ஊர் நுகர்வோர் ஆணையத்துலயே, அதாவது மதுரைலயே, 2 வருஷத்துக்குள்ள புகார் குடுக்கலாம், இதுக்காக மலை ஏறி வர வேண்டாம். 5 லட்சம் வரைக்கும் விலை குடுத்து வாங்குன பொருளுக்கு ஃபீஸும் கிடையாது. 450 ரூபாய்க்கு கோர்ட்டான்னு கேப்பீங்க, நியாயம்தான், நானா இருந்தா 1915ஓட நிறுத்திருவேன்.

கேள்வி: தோடர் எம்பிராய்டரி சால்வைன்னு கடைக்குக் கடை தொங்குது. எது ஒரிஜினல்?

பதில்: திருப்பிப் பாருங்க, அவ்வளவுதான். நீலகிரிப் பழங்குடியான தோடர் பெண்கள் துணில டிசைன் வரையறதில்ல, ஃபிரேமும் மாட்டறதில்ல, வெள்ளைப் பருத்தித் துணியோட இழையை விரலால எண்ணி எண்ணி சிவப்பு, கருப்பு நூலைக் கோத்து எடுக்கறாங்க. அதனால பின்பக்கமும் கிட்டத்தட்ட அதே டிசைன் இருக்கும், ரெண்டு பக்கமும் போத்திக்கலாம். மெஷின்ல போட்டதுன்னா பின்னாடி வேற கலர் பாபின் நூல் ஓடும், சிலதுல ஒட்டுன பேப்பர் மாதிரி ஒண்ணு கிழியாம மிச்சம் இருக்கும். பிரிண்டுன்னா பின்பக்கம் வெளுத்துக் கிடக்கும். 2013ல இதுக்கு புவிசார் குறியீடு கிடைச்சாச்சு, ஆனா அதுக்காக கடைல தொங்குற ஒவ்வொண்ணும் ஒரிஜினல்னு ஆயிராது. பூம்புகார் மாதிரி அரசு கைவினைக் கடைலயோ, போட்டவங்ககிட்டயே நேராவோ வாங்குறது நல்லது. ஒரு சால்வை போட எத்தனை நாள் உக்காரணும்னு ஒரு தடவை பக்கத்துல இருந்து பாத்துட்டா பேரம் பேச வாய் வராது.

கேள்வி: யூவி டார்ச் அடிச்சா போலித் துணி தெரிஞ்சிரும்னு வீடியோல காட்டுறாங்க, வாங்கட்டுமா?

பதில்: வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத இங்க்ல கம்பெனிக்காரங்க ரகசியக் குறி போடறது உண்மைதான், ஆனா அது எங்க இருக்கு, எப்படி இருக்கும்னு அவங்களுக்குத்தான் தெரியும். சோப்புத்தூள்ல வெளுப்பு காட்ட போடற கெமிக்கலும் அதே டார்ச்சுல நீலமா மின்னும், துவைச்ச வேட்டி எல்லாமே மின்னும். அந்தக் காசுக்கு மில்லுல இழை எண்ண வச்சிருக்கற மடக்கு லென்ஸ் ஒண்ணு வாங்குங்க, பிக் கிளாஸ்னு கேளுங்க, கோயம்புத்தூர் பக்கம் ஈஸியா கிடைக்கும்.