பழைய ஆம்னியின் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறது. கறுப்புக் கோட்டிங் அடித்தால் போதுமா?

கேட்டிருப்பவர் தருமபுரிக்காரர். வண்டி 2006 மாடல் மாருதி ஆம்னி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் தரைவிரிப்பை, அதாவது மேட்டைத் தூக்கினால் விரல் நுழைகிற ஓட்டை இருக்கிறதாம். "கீழே கோட்டிங் அடிச்சா இன்னும் 5 வருஷம் ஓடும்" என்று சர்வீஸ் ஸ்டேஷனில் சொல்லியிருக்கிறார்கள். அடிக்கலாமா, இல்லை வண்டியையே தள்ளிவிடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்குக் கோட்டிங் அடிக்காதீர்கள். இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது.

என்னிடம் இருப்பதும் ஆம்னிதான். 2018-ல் கிருஷ்ணகிரியில் ஒரு புரோக்கர் மூலமாக வாங்கினேன். டிஎன் 31, கடலூர் பதிவு. வாங்கும்போது குனிந்து பார்த்தேன். அடிப்பாகம் முழுக்க நேற்றுப் போட்ட தார் ரோடு மாதிரி கறுகறுவென்று இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்ட வண்டி என்று நம்பிப் பணத்தைக் கொடுத்துவிட்டேன். மூன்றாவது மாதம் ராயக்கோட்டை ரோட்டில் ஒரு வேகத்தடையில் ஏறி இறங்கும்போது பின்னால் இடது பக்கம் கடக்கென்று சத்தம். அம்மாவும் பிள்ளைகள் இரண்டு பேரும் வண்டியில் இருந்தார்கள். மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்து பழையபேட்டைப் பக்கம் ஒரு டிங்கர் பட்டறையில் விட்டேன்.

அங்கிருந்த பாய் வண்டியை ஸ்டாண்டில் ஏற்றிவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் அடித்தகட்டைத் தட்டிக்கொண்டே வந்தார். டங் டங் என்று கேட்டுக்கொண்டிருந்த சத்தம், பின்பக்க ஸ்பிரிங் பட்டை மாட்டியிருக்கும் இடத்தில் பொத்தென்று மாறியது. முனையைத் திருப்பி வைத்து அழுத்தினார். கோட்டிங் தோல் மாதிரி உரிந்து வந்தது. உள்ளேயிருந்து ஊறிப்போன பழுப்புச் சேறு அவர் கையில் கொட்டியது. "இரும்பு எப்பவோ போயிடுச்சு தம்பி, தாருதான் நிக்குது" என்றார். பிள்ளைகளை வைத்துக்கொண்டு மூன்று மாதம் அதில் போய்வந்திருக்கிறேன் என்பதை நினைத்தால் இன்னும் வயிற்றைப் பிசைகிறது.

துருவுக்கு இரும்பும் ஈரமும் காற்றும் இருந்தால் போதும். உப்பு சேர்ந்தால் வேகம் கூடும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொண்டு, உப்பிப்போய், பஞ்சு மாதிரி ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதன் மேலேயே கோட்டிங் அடித்தால் ஈரமும் உப்பும் உள்ளே சிக்கிக்கொள்ளும். ஓரத்தில் எங்காவது ஒரு முடி அளவு வெடிப்பு விழுந்தாலும் புதுத் தண்ணீர் உள்ளே போகும், ஆனால் காய்ந்து வெளியே வராது. சுத்தமான தகட்டில் அடித்தால் அதே கோட்டிங் நல்ல பாதுகாப்பு. ஆகவே கோட்டிங்கைக் குறை சொல்லவில்லை. அதை வேலையின் கடைசியில் அடிக்க வேண்டும், முதலில் அல்ல.

நம் பக்கம் வறண்ட ஊர், இங்கே வண்டி எப்படித் துருப்பிடிக்கும் என்று பலர் கேட்கிறார்கள். வண்டி முதலில் எந்த ஊரில் ஓடியது என்று பாருங்கள். டிஎன் 29, டிஎன் 24 என்றால் தருமபுரி, கிருஷ்ணகிரி. கடலூருக்கு 31, நாகப்பட்டினத்துக்கு 51, தூத்துக்குடிக்கு 69. கடற்கரை ஊர் நம்பர் என்றால் அடிப்பாகத்தை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டும். சென்னை நம்பர் என்றால் 2015 டிசம்பர் வெள்ளத்தில் நின்ற வண்டியா என்றும் யோசியுங்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பார்த்தால் சேற்றுக்கறை கோடு தெரியும். சீட்டை இறுக்கியிருக்கும் போல்ட்டும் துருவேறியிருக்கும்.

உள்ளூரிலேயே ஓடிய வண்டிக்கும் வேறு வழியில் வரும். நம் போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதிலேயே கழுவி, காயவிடாமல் ஷெட்டில் மூடி வைக்கிறோம். செம்மண் சேறு வீல் மட்கார்டின் உள்மடிப்பில் அப்பிக்கொண்டு, மழை விட்ட பிறகும் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். போச்சம்பள்ளி சந்தைக்கு ஆடு ஏற்றிப் போகிற வண்டி என்றால் மூத்திரம் மேட்டுக்கடியில் இறங்கி நிற்கும். அதுவும் உப்புத் தண்ணீர்தான்.

சரி, உங்கள் வண்டிக்கு வருவோம். ஆம்னிக்கு பொலிரோ, சுமோ மாதிரி அடியில் தனி இரும்புச் சட்டம், அதாவது சேஸ் கிடையாது. தகட்டையே மடித்து, பெட்டி பெட்டியாக ஒட்டிச் செய்த உடம்புதான் பாரத்தைத் தாங்குகிறது. அதனால் ஓட்டை எவ்வளவு பெரியது என்பதைவிட எங்கே விழுந்திருக்கிறது என்பதுதான் முக்கியம். காலடித் தகட்டின் நடுவில் கையகல ஓட்டை இருந்தாலும் பயப்பட வேண்டாம், வெட்டியெடுத்து ஒட்டு போடலாம். ஆனால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டி, அதாவது ரன்னிங் போர்டு, அடியில் நீளவாக்கில் போய்ப் பாரம் தாங்கும் மெம்பர்கள் என்ற சட்டங்கள், ஸ்பிரிங் பட்டை மாட்டும் இடம், சீட் பெல்ட் இறுக்கும் இடம் ஆகியவற்றில் ஒரு ரூபாய் நாணயம் அளவு ஓட்டை இருந்தாலும் சும்மா விடக்கூடாது. ஆம்னியில் தள்ளுகதவு ஓடும் கீழ்ச் சட்டத்தையும் மறக்காமல் பாருங்கள். மண்ணும் தண்ணீரும் சேர்ந்து நிற்க அதைவிட வசதியான இடம் அந்த வண்டியில் இல்லை.

பார்ப்பதற்கு ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், ஒரு சின்னக் காந்தம் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள். ஸ்டாண்டு வேண்டும், இல்லையென்றால் பட்டறைக் குழியில் நிறுத்திப் பாருங்கள். மேட்டையும் அடியில் இருக்கும் பஞ்சையும் முழுக்க எடுத்துவிட்டு மேலேயிருந்தும் பாருங்கள், ஏனென்றால் காலடித் தகடு பெரும்பாலும் மேலே நின்ற தண்ணீரால்தான் போகும். மேலாகப் பழுப்பாக இருந்து, உப்புத்தாள் தேய்த்தால் வெள்ளை இரும்பு தெரிந்தால் அது மேல் துரு, கவலை இல்லை. செதில் செதிலாக உரிந்தால் தகடு மெலிந்துகொண்டிருக்கிறது. ஸ்க்ரூ டிரைவரை அழுத்தினால் அமுங்குகிறது என்றால் அந்தத் துண்டு வெட்டத்தான் வேண்டும். காந்தம் ஒட்டாத இடத்தில் பட்டியோ எம்-சீலோ வைத்து ஏற்கெனவே யாரோ மூடியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, என்னைக் கேட்டால் எல்லாவற்றையும்விட முக்கியமானது: பிரேக் பைப். அடித்தகட்டை ஒட்டியே பின்சக்கரம் வரை ஓடும் மெல்லிய இரும்புக் குழாய் அது. கிளிப் பிடித்திருக்கும் இடங்களில் ஈரம் தங்கி அரிக்கும். விரலால் தடவினால் சொரசொரவென்று குழி தட்டினால் அந்தக் குழாயையே மாற்றிவிடுங்கள், தேய்த்து பெயின்ட் அடிக்க வேண்டாம். தருமபுரியிலிருந்து சேலம் போக தொப்பூர் கணவாயில் இறங்கித்தான் ஆக வேண்டும். அங்கே நாள் முழுக்க லாரி போகிறது. அந்த இறக்கத்தில் பிரேக்கைச் சோதித்துப் பார்க்கக்கூடாது.

வேலை செய்வது என்று முடிவெடுத்தால் பட்டறையில் இப்படிக் கேளுங்கள். துருப்பிடித்த தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்து ஒட்டக்கூடாது. நல்ல இரும்பு வரும் வரை வெட்டியெடுக்க வேண்டும். ஒட்டுக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர் தகடு நன்றாக இருக்கும். துத்தநாகம் பூசிய ஜிஐ தகடு வேண்டாம். வெல்டிங் சூட்டில் துத்தநாகப் புகை கிளம்பி, வேலை செய்கிறவருக்குக் காய்ச்சல் வந்துவிடும். கேஸ் வெல்டிங்கில் மெல்லிய தகடு நெளியும், சிஓ2 வெல்டிங் இருக்கிற பட்டறையாகப் பாருங்கள். பேட்டரி வயரைக் கழற்றச் சொல்லுங்கள், பெட்ரோல் டேங்க் பக்கத்தில் வேலை என்றால் டேங்கையே இறக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் ஒரு வாளி மணலும் தண்ணீரும் இருக்கட்டும்.

ஒட்டு போட்ட பிறகு, மிச்சமிருக்கும் மேல் துருவுக்கு வயர் பிரஷ், பிறகு துரு மாற்றும் திரவம். அதில் பாஸ்பாரிக் அமிலமோ டானினோ இருக்கும். கடுக்காயையும் இரும்பையும் சேர்த்து அந்தக் காலத்தில் கறுப்பு மை செய்தார்களே, டானின் செய்வதும் அதே வேலைதான்: துருவைக் கறுப்பான, நிலையான ஒரு படலமாக மாற்றிவிடும். ஆனால் மெல்லிய துருவுக்குத்தான் அது சரி, செதிலுக்கு எடுபடாது. நன்றாகக் காய்ந்ததும் எபாக்சி பிரைமர், இணைப்புகளில் சீலன்ட், அப்புறம்தான் நீங்கள் கேட்ட கறுப்புக் கோட்டிங். பெட்டிகளுக்குள் கோட்டிங் போகாது. அங்கே குழாய் விட்டு மெழுகு அடிக்க வேண்டும். கோட்டிங் அடிக்கிறவர் ரன்னிங் போர்டின் அடியிலும் கதவின் அடியிலும் இருக்கும் தண்ணீர் வடியும் ஓட்டைகளைச் சேர்த்து அடைத்துவிடுவார். பக்கத்தில் நின்று பார்த்து, அவற்றைக் கம்பியால் குத்தித் திறந்துவிட்டு வாருங்கள்.

கழுவிய பிறகு டீசல் அடிக்கும் வழக்கத்தை விட்டுவிடலாம். ரப்பர் புஷ்கள் ஊறிப்போகும், புழுதியும் ஒட்டும்.

செலவு என்று கேட்டால், எனக்கு 2018-ல் இடது மெம்பரில் ஒரு துண்டு, ஸ்பிரிங் பட்டை பிராக்கெட், காலடியில் இரண்டு ஒட்டு, கோட்டிங் எல்லாம் சேர்த்து 17,000 ரூபாய் ஆனது. வண்டி 6 நாள் பட்டறையில் இருந்தது. உங்களுக்கு ஓட்டை காலடியோடு நின்றிருந்தால் இதைவிடக் குறைவாகவே முடியும், தயங்காமல் செய்யுங்கள். இரண்டு பக்க மெம்பர்களும் ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் சேர்ந்து போயிருந்தால், வண்டி மேல் எவ்வளவு ஆசை இருந்தாலும் விட்டுவிடுங்கள். அப்படிப்பட்ட வண்டியைக் கறுப்படித்து இன்னொரு குடும்பத்துக்கு விற்காமல், உடைப்பவரிடம் கொடுங்கள்.

ஆர்சியையும் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். சொந்த வண்டிக்குப் பதிவு 15 வருஷம், அதன் பிறகு 5 வருஷத்துக்கு ஒருமுறை எஃப்சி, அதாவது தகுதிச் சோதனை பார்த்துப் புதுப்பிக்க வேண்டும். 2006-ல் பதிவானது என்றால் 2021-ல் ஒருமுறை புதுப்பித்திருப்பீர்கள், அது 2026 வரைதான். பெரிய செலவு செய்வதற்கு முன்னால் அந்தத் தேதியைக் கணக்கில் வையுங்கள்.

என் வண்டி இன்றும் ஓடுகிறது. ஒவ்வொரு வருஷமும் மழை விட்டதும் தை மாதத்தில் மேட்டைக் கழற்றி வெயிலில் போட்டுவிட்டு அடியில் தட்டிப் பார்ப்பேன். இந்த முறை வலது தள்ளுகதவுச் சட்டத்தின் மூலையில் பெயின்ட் ஒரு மிளகு அளவு உப்பியிருந்தது. சுரண்டினேன், உள்ளே இரும்பு கெட்டியாக இருந்தது, பிரைமர் அடித்து வைத்திருக்கிறேன். நீங்கள் தட்டிப் பார்த்துவிட்டு, ஓட்டைக்கு நேர் கீழே மெம்பர் போகிறதா இல்லையா என்று மட்டும் எழுதுங்கள், மேற்கொண்டு சொல்கிறேன்.