ஸ்க்ரோல்பார் இருக்கிறது, உருளத்தான் மாட்டேன் என்கிறது

கணினியில் ஜன்னல் நிரல் எழுதுபவர்கள் டர்பன் பக்கத்திலிருந்தும் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்தும் அனுப்பிய கேள்விகளில் ஸ்க்ரோல் பற்றியவற்றை மட்டும் இங்கே சேர்த்திருக்கிறேன்.

கேள்வி (சாட்ஸ்வொர்த்): ஆடிக் கூழுக்கு யார் என்ன கொண்டுவருகிறார்கள் என்று குறித்துவைக்கப் பைதானின் ஜன்னல் நூலகமான டிகின்டரில் ஒரு நிரல் எழுதுகிறேன். ஃப்ரேமில் (மற்றவற்றை அடுக்கிவைக்கும் பெட்டி) ஸ்க்ரோல்பாரை இணைத்தால் 'ஒய்வியூ இல்லை' என்று பிழை வருகிறது.

பதில்: டிகின்டரில் ஃப்ரேமுக்கு உருளத் தெரியாது. கேன்வாஸ், டெக்ஸ்ட், லிஸ்ட்பாக்ஸ், ட்ரீவியூ போன்ற சிலவற்றுக்குத்தான் தெரியும். எனவே ஒரு கேன்வாஸ் (வரைபலகை) வைத்து, அதன் 'கிரியேட்_விண்டோ' வழியாக ஃப்ரேமை உள்ளே ஏற்றுங்கள். அப்படியில்லாமல் வழக்கம்போல் 'பேக்' செய்தால் ஃப்ரேம் கேன்வாஸின் மேல் ஒட்டிக்கொள்ளும், நகராது. உள் ஃப்ரேமின் அளவு மாறும்போதெல்லாம் 'கான்ஃபிகர்' நிகழ்வு வரும். அதில் கேன்வாஸின் 'ஸ்க்ரோல்ரீஜனை' (உருளும் பரப்பை) புதிதாகக் கொடுங்கள். உள்ளே எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று கேன்வாஸ் தானாகக் கண்டுபிடிக்காது, நாம்தான் சொல்ல வேண்டும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். கேன்வாஸின் சொந்த 'கான்ஃபிகர்' நிகழ்விலும் அதன் அகலத்தை உள் ஃப்ரேமுக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் ஜன்னலை எவ்வளவு இழுத்தாலும் பட்டியல் இடது ஓரத்திலேயே ஒடுங்கிக் கிடக்கும்.

கேள்வி (டோங்காட்): என் விண்டோஸில் மவுஸ் வீலைச் சுழற்றினால் நகர்கிறது. அண்ணனின் லினக்ஸ் லேப்டாப்பில் அசையவே இல்லை.

பதில்: வீல் ஒரு பல் சுழன்றால் விண்டோஸ் 120 என்ற எண்ணை அனுப்பும். லினக்ஸில் ஜன்னல்களைக் காட்டும் எக்ஸ்11-இல், டிகின்டருக்கு அடியிலிருக்கும் டிகே 8.6 வரை வீல் என்பது 4, 5 என்ற இரண்டு பட்டன்கள். அவற்றையும் உருட்டும் செயலோடு பிணைக்க ('பைண்ட்' செய்ய) வேண்டும். மேக்கில் 8.6 தரும் எண் ஒன்று, இரண்டு என்று சிறியது. அதை 120-ஆல் வகுத்து முழு எண்ணாக்கினால் பூஜ்யம்தான் மிஞ்சும். 2024-இல் வந்த டிகே 9.0 லினக்ஸிலும் வீலை விண்டோஸ் போலவே தருகிறது.

நிரல் முழுவதற்கும் ஒரேயடியாகப் பிணைக்கும் 'பைண்ட்_ஆல்' போட்டு விட்டுவிடாதீர்கள். ஒரே ஜன்னலில் இரண்டு பட்டியல் இருந்தால், சுட்டி எங்கே நின்றாலும் கடைசியாகப் பிணைத்ததுதான் உருளும். சுட்டி உள்ளே வரும்போது பிணைத்து, வெளியே போகும்போது அவிழ்த்துவிடுங்கள்.

கேள்வி (ஃபீனிக்ஸ்): 1860 முதல் 1911 வரை நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த 1,52,184 பேரின் கப்பல் பட்டியலை லினக்ஸில் டிகின்டர் நிரலாக்குகிறேன். ஒரு வரிக்கு நான்கு லேபிள் (எழுத்தைக் காட்டும் பெட்டி), உயரம் 24 பிக்சல். 'ட்ரூரோ' கப்பலை மட்டும் ஏற்றியபோது நன்றாக ஓடியது. எல்லாவற்றையும் ஏற்றப் பார்த்தால் நினைவகம் வீங்குகிறது, 1,300 சொச்சம் வரிக்குக் கீழே ஒரே வெறுமை.

பதில்: நல்ல வேலை செய்கிறீர்கள். 1860 நவம்பர் 16 அன்று மதராஸிலிருந்து வந்து சேர்ந்த அந்தக் கப்பலில் தன் முப்பாட்டனைத் தேடாத குடும்பம் இங்கே குறைவு.

வெறுமைக்குக் காரணம் ஒரு கணக்கு. எக்ஸ்11 ஜன்னல் ஆயங்களை 16 பிட்டில் வைக்கிறது, உச்சம் 32,767. அதை 24-ஆல் வகுத்தால் 1,365. அங்கேதான் உங்கள் பட்டியல் முடிகிறது. உங்களுக்கு வேண்டியதோ 36 லட்சம் பிக்சலுக்கு மேல். அந்த வரம்பே இல்லையென்றாலும் ஆறு லட்சம் லேபிளைச் சுமக்கச் சொல்வது கொடுமை.

திரையில் தெரிவது முப்பது வரிதானே? முப்பது வரிக்கு மட்டும் லேபிள் செய்யுங்கள். தரவை எஸ்கியூலைட் என்ற சிறு தரவுத்தளத்தில் போட்டு வரிசை எண்ணை முதன்மைச் சாவியாக்குங்கள். உருளும்போது லேபிள்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், எழுத்து மட்டும் மாறட்டும். ஸ்க்ரோல்பார் உங்களிடம் இரண்டு விதமாகப் பேசும்: கட்டையைப் பிடித்து இழுத்தால் 'மூவ்டூ' என்று 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட பின்னம், அம்பையோ கட்டைக்கு மேலும் கீழும் உள்ள காலி இடத்தையோ அழுத்தினால் 'ஸ்க்ரோல்' என்று எத்தனை அலகு அல்லது பக்கம். முதலாவதை மட்டும் எழுதிவிட்டு அம்பு வேலை செய்யவில்லை என்று வருபவர்கள் உண்டு. பதிலுக்கு நீங்களும் 'செட்' வழியாக முதல் வரியும் கடைசி வரியும் மொத்தத்தில் எங்கே நிற்கின்றன என்று சொல்ல வேண்டும்.

இத்தனையும் கையால் செய்யச் சலிப்பாக இருந்தால் க்யூட்டி என்ற இன்னொரு ஜன்னல் நூலகத்தின் டேபிள்வியூவுக்கு மாறிவிடுங்கள். கண்ணில் படும் வரிகளுக்கான தரவை மட்டுமே அது மாடலிடம் (தரவை வைத்திருக்கும் பகுதி) கேட்டு வாங்கி வரையும். எதில் எழுதினாலும் மேலே ஒரு தேடல் பெட்டி வையுங்கள். ஒன்றரை லட்சம் பெயரை உருட்டி உருட்டி யாரும் தாத்தாவைக் கண்டுபிடிக்கப் போவதில்லை. காலனி எண்ணையோ (வந்தவருக்குக் கொடுத்த பதிவு எண்) கிராமத்தையோதான் தட்டுவார்கள்.

கேள்வி (லெனேசியா): க்யூட்டி ஸ்க்ரோல்ஏரியாவுக்குள் போட்ட எதுவுமே தெரியவில்லை.

பதில்: லேஅவுட்டை (அடுக்கும் ஒழுங்கு) உள் விட்ஜெட்டில் (உள்ளே வைக்கும் பெட்டி) வைத்த பிறகுதான் 'செட்விட்ஜெட்' அழைக்க வேண்டும். வரிசை மாறினால் தெரியாது. 'செட்விட்ஜெட்ரீசைசபிள்' இயல்பாக அணைந்திருக்கும், அதையும் போட்டுவிடுங்கள்.

கேள்வி (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஜாவாவின் ஜன்னல் நூலகமான ஸ்விங்கில் வீல் நத்தையாக நகர்கிறது.

பதில்: சாதாரண பேனலுக்கு ஓர் அலகு என்பது ஒரே பிக்சல். செங்குத்து ஸ்க்ரோல்பாரின் 'யூனிட்இன்க்ரிமென்டை' 16 ஆக்குங்கள்.

கேள்வி (இசிபிங்கோ): க்யூட்டியில் அரட்டை நிரல். புதுச் செய்தி வந்ததும் அடிக்குப் போகச் சொன்னால் ஒரு செய்தி மேலேயே நின்றுவிடுகிறது.

பதில்: நீங்கள் அவசரப்படுகிறீர்கள். செய்தியைச் சேர்த்த நொடியில் லேஅவுட் இன்னும் கணக்குப் போட்டிருக்காது, ஸ்க்ரோல்பாரின் உச்சம் பழைய எண்தான். 'ரேஞ்ச்சேஞ்ட்' சிக்னலைப் பிடித்து அங்கே உச்சத்துக்கு நகர்த்துங்கள். ஆனால் செய்தி வருமுன் வாசிப்பவர் அடியில்தான் இருந்தாரா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பழைய செய்தியை மேலே போய்ப் படித்துக்கொண்டிருப்பவரைத் தரதரவென்று கீழே இழுக்கும் நிரலை நான் உடனே மூடிவிடுவேன்.