கண்டி நகரத்தில் 'சுயவழி வரலாற்று நடை' என்றால் என்ன?

வழிகாட்டி இல்லாமல், பழைய இடங்களை நாமே வரிசைப்படுத்திக்கொண்டு நடந்து பார்ப்பதுதான் இது.

ஏன் நடக்க வேண்டும்? கண்டியில் மன்னர் காலமும் வெள்ளைக்காரர் காலமும் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. புத்தரின் புனிதப் பல் இருக்கும் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே மகுல் மடுவ என்ற அரசவை மண்டபம். 1815 மார்ச் 2 அன்று கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போன ஒப்பந்தம் அந்த மண்டபத்தில்தான் கையெழுத்தானது. அதன் மரத்தூண்களில் உள்ள செதுக்கல்களைக் கிட்ட நின்று பாருங்கள், அவசரமே வேண்டாம். அப்புறம் வாவிக் கரையில் மேகம்போல வளைந்து ஓடும் வெள்ளைச் சுவர். வாவியை வெட்டுவித்த ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தென்னிந்திய நாயக்கர் வழியில் வந்த கடைசி மன்னன். பிரித்தானியரிடம் பிடிபட்டு, தமிழ்நாட்டு வேலூரில் கைதியாக இருந்து 1832இல் இறந்தான். நம் ஆட்கள் அந்தச் சுவரருகே நின்று இதைக் கட்டாயம் நினைக்க வேண்டும் என்பது என் ஆசை. செங்கல் நிறத்துப் புனித பவுல் தேவாலயமும் அருகில்தான்.

பஸ்ஸில் போவது தேயிலை மலையை ரோட்டிலிருந்து பார்ப்பது மாதிரி. நடப்பது நிரைக்குள் இறங்கிக் கொழுந்து கிள்ளுவது மாதிரி.

இதைச் சும்மா சுற்றித் திரிவது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, முதல் நாளே நாலைந்து இடங்களின் கதையைப் படித்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும்.