வேப்பேரியிலிருந்து வந்த தங்கைக்கு

"அக்கா, சென்னை வேப்பேரிக் கல்லூரியில் கால்நடை மருத்துவம் முடித்துவிட்டுக் கணவருடன் அமெரிக்கா வந்திருக்கிறேன். வேலை கேட்டுப் போன மூன்று கிளினிக்குகளிலும் வெள்ளையர்களைத் தவிர யாருமில்லை. பேசாமல் ஆய்வகப் பக்கம் போய்விடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய்.

ஆய்வகம் பிடித்திருந்தால் போ அம்மா. பயந்துகொண்டு போகாதே.

நீ பார்த்தது உண்மைதான். இங்கே கால்நடை மருத்துவர்களில் ஏறத்தாழ பத்துக்கு ஒன்பது பேர் வெள்ளையர். மாணவர்களில் பெண்கள் சுமார் 80 சதவீதம் ஆகிவிட்டார்கள், நிறம்தான் அந்த அளவுக்கு மாறவில்லை. படிப்பு முடியும்போது பலருக்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் கடன் நிற்கிறது. ஏழை வீட்டுப் பிள்ளை எப்படித் துணியும்? அலபாமாவில், கறுப்பின மாணவர்களுக்காக உருவான டஸ்கீகி பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவக் கல்லூரி 1945இல் தொடங்கியது. நாட்டின் கறுப்பினக் கால்நடை மருத்துவர்களில் சுமார் 70 சதவீதம் பேர் அங்கே படித்தவர்கள். அந்தச் சுமையை ஒரே கல்லூரி சுமப்பது எனக்கு இன்றும் ஆறவில்லை.

என் வகுப்பில் ஆடு மேய்க்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் இருந்தான். இடஒதுக்கீடும் அரசுக் கட்டணமும் அவனை வேப்பேரிக்குக் கொண்டுவந்தன. ஆட்டின் வயிற்றில் குட்டி குறுக்கே கிடந்தால் எப்படித் திருப்பி எடுப்பது என்று எனக்குக் கைபிடித்துக் காட்டியவன் அவன்தான். அவன் இல்லாத வகுப்பில் நான் பாதிதான் கற்றிருப்பேன்.

இங்கே முதல் ஆண்டில், ஸ்டெதஸ்கோப்போடு நின்ற என்னிடமே ஒரு பெரியவர் "டாக்டர் எப்போது வருவார்?" என்றார். அன்று காரில் உட்கார்ந்து அழுதேன். சில மாதம் கழித்து மெக்சிகோக்காரத் தாய் ஒருவர் பார்வோ என்ற கொடிய வைரஸ் நோய் கண்ட நாய்க்குட்டியைத் தூக்கி வந்தார். ஆங்கிலம் தெரிந்தது பத்து வயது மகனுக்கு மட்டுமே. குட்டி பிழைக்காது என்பதை அந்தப் பிள்ளைதான் தாய்க்குச் சொல்ல வேண்டியிருந்தது. வேப்பேரி வெளிநோயாளிப் பிரிவில் தெலுங்கும் உருதும் அரைகுறையாகவாவது பேசிச் சமாளித்தவள் நான். அந்த வாரமே ஸ்பானிஷ் படிக்கத் தொடங்கினேன். அப்படிப்பட்ட குடும்பங்களுக்கு உன்னைப் போன்றவர்கள் தேவை.

இனி வேலையைப் பார். வெளிநாட்டில் படித்த கால்நடை மருத்துவர்களுக்கான இ.சி.எஃப்.வி.ஜி. சான்றிதழுக்கு ஆங்கிலத் தேர்வு, 225 கேள்விகள் கொண்ட தேர்வு, பிறகு மூன்று நாள் செய்முறைத் தேர்வு. தொழில் செய்ய உரிமம் பெற நாவ்லி என்ற தேர்வு தனி. செய்முறையில் அறுவை சிகிச்சை, மயக்க மருந்து, குதிரை, பிரேதப் பரிசோதனை எல்லாம் உண்டு. மாடும் நாயும் நம் கைக்குப் பழக்கம். குதிரைக்கும் மயக்க மருந்துக்கும் அதிக நாள் ஒதுக்கு. வேலை அனுமதி இருந்தால் அதுவரை ஒரு கிளினிக்கில் உதவியாளராகச் சேர்ந்துகொள். உன் பெயரைச் சுருக்கிக்கொள்ளச் சொல்வார்கள். சுருக்காதே, இரண்டு வாரத்தில் அவர்கள் நாக்குக்குப் பழகிவிடும்.

தேர்வுத் தேதி கிடைத்ததும் எழுது. குதிரைப் பகுதிக்கு நான் எடுத்த குறிப்புகள் இரண்டு நோட்டு பத்திரமாக இருக்கின்றன, அனுப்புகிறேன்.